கடவுளுக்காக வழக்காட வராதீங்க

வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப்புல வந்த குரல் பதிவுகளையும் பார்த்து கேட்டு முடிச்சப்போ எனக்கு சரியான கவலையா போச்சு. கேள்விகள் வேற வேற, ஆனா அடியில இருக்குற வலி ஒண்ணுதான், யாரோ ஒருத்தர் கடவுளை காப்பாத்துறேன்னு சொல்லிக்கிட்டு ஒரு மனுஷர் மேல பழியைப் போட்டிருக்கார். அதனால வழக்கமா போடுற நாலு வரி பதில் இந்த தடவை இல்ல, கொஞ்சம் விரிவாவே எழுதுறேன். கேட்டவங்க விரும்பினபடி பேரும் போடல, தோட்டமும் போடல.

டீச்சர், டித்வா புயல்ல எங்க சித்தி வீடு மண்ணுக்குள்ள போயிருச்சு. சித்தியும் இல்ல, தங்கச்சியும் இல்ல. முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வந்த ஒரு ஊழியக்காரர் இந்த மலையில விக்கிரக ஆராதனை கூடிப்போச்சு, அதனாலதான் தேவன் அடிச்சார்னு பிரசங்கம் பண்ணினார். சித்தப்பா எழும்பி வெளிய போனவர்தான், இன்னும் சர்ச் பக்கம் வரல. அவருக்கு நான் என்ன சொல்றது?
(பதுளை மாவட்டத்துல இருந்து ஒரு தம்பி)

தம்பி, முதல்ல சித்தப்பாவுக்கு எதுவும் சொல்லாதீங்க. போய் பக்கத்துல இருங்க, தேத்தண்ணி ஊத்திக் குடுங்க, அவர் பேசினா கேளுங்க. பைபிள்ல எல்லாத்தையும் பறிகுடுத்த யோபுவோட மூணு சிநேகிதரும் செஞ்ச ஒரே நல்ல காரியம் அதுதான், ஏழு நாள் ராத்திரி பகலா அவரோட தரையில உக்காந்து ஒரு வார்த்தையும் பேசாம இருந்தாங்க. வாயைத் தொறந்த பிறகுதான் எல்லாம் கெட்டுப்போச்சு. நீ பாவம் செஞ்சிருக்கணும், இல்லாட்டி உன் பிள்ளைகள் செஞ்சிருக்கணும், தேவன் காரணம் இல்லாம அடிப்பாரான்னு அதிகாரம் அதிகாரமா இதையே சொல்றாங்க. 13ஆம் அதிகாரத்துல யோபு அவங்களைப் பார்த்து நேரடியா கேக்குறார், "தேவனுக்காக வழக்காடுவீர்களோ?"ன்னு. கடைசியில 42ஆம் அதிகாரத்துல தேவனே தீர்ப்பு சொல்றார், என்னைப் பத்தி சரியா பேசினது என் தாசன் யோபு, நீங்க இல்லன்னு. அழுதவர், சண்டை போட்டவர், நான் பிறந்த நாளே அழிஞ்சு போகட்டும்னு சபிச்சவர், அவர் பேசினது சரி, கடவுளை நியாயப்படுத்த வந்தவங்க பேசினது பிழை. அந்த ஊழியக்காரர் இந்த புத்தகத்தை முடிவு வரைக்கும் மனசு வச்சு வாசிச்சிருந்தா அன்னைக்கு அந்த வீட்டுல அப்பிடி பேச அவருக்கு வாய் வந்திருக்காது.

இயேசுகிட்டயும் இதே கேள்வி வந்திருக்கு. லூக்கா 13ல பாருங்க, சீலோவாம்ல ஒரு கோபுரம் இடிஞ்சு விழுந்து 18 பேர் செத்துப்போறாங்க. செத்தவங்க மத்த எல்லாரையும் விட பெரிய பாவிகளான்னு அவரே கேட்டு, இல்லவே இல்லன்னு அவரே பதில் சொல்றார். அதுக்கு அடுத்த வரியில நீங்க மனந்திரும்பாட்டி நீங்களும் அழிவீங்கன்னு வருதே, அப்பிடின்னா மிரட்டல்தானேன்னு சிலர் கேப்பாங்க. அதை யார்கிட்ட சொல்றார்னு பாருங்க. செத்தவங்க வீட்டுல போய் சொல்லல, உயிரோட நிண்டு செத்தவங்களைப் பத்தி கதைச்சுக்கிட்டிருந்தவங்ககிட்ட சொல்றார். அடுத்தவன் தலையில விழுந்த கல்லை வச்சு அவன் பாவத்தை எடை போடாதே, உன்னைப் பாருன்னு திருப்பிவிடுறார்.

1755 நவம்பர் 1ஆம் தேதி சகல பரிசுத்தவான்கள் திருநாள் காலையில போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரத்துல பூமி அதிர்ந்துச்சு, ஜனங்க கோயில்களுக்குள்ள பூசை கண்டுக்கிட்டிருக்கும்போதே கூரை தலையில விழுந்துச்சு. பாவத்துக்கு தண்டனைன்னு அப்பவும் பிரசங்கம் பண்ணத்தான் செஞ்சாங்க. கும்பிட்டுக்கிட்டிருந்தவங்க தலையில விழுந்த கல்லுக்கு அந்த விளக்கம் எப்பிடி சரி வரும்? ஐரோப்பாவுல எத்தனையோ பேர் விசுவாசத்தை விட்டு விலகினதுல அந்த மாதிரி பிரசங்கங்களுக்கும் பங்கு இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன்.

நம்ம மலைக்கு வருவோம். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில கொஸ்லாந்தை மீரியபெத்தையில தோட்ட ஜனங்க வரிசையா குடியிருந்த லயமே மண்ணுக்குள்ள போச்சு. அந்த இடம் ஆபத்துன்னு அதுக்கு முன்னாலயே எச்சரிக்கை குடுத்திருந்தாங்க, இருந்தும் ஜனங்க அங்கதான் இருந்தாங்க, ஏன்னா போறதுக்கு வேற இடம் இல்ல, சொந்தம்னு சொல்ல ஒரு துண்டு காணி இல்ல. 1820கள்ல நம்ம ஆளுங்களை கோப்பித் தோட்டத்துக்கு கூட்டிட்டு வந்த காலத்துல இருந்து எந்த சரிவுல லயம் கட்டணும்னு முடிவெடுத்தது அதுல படுத்து எழும்புற மனுஷர் இல்ல. 1948ல குடியுரிமையையும் பறிச்சாங்க. மண்சரிவுக்குப் பின்னால பாவம்னு ஒண்ணைத் தேடித்தான் ஆகணும்னா அங்க தேடலாம், மாரியம்மன் கோயில்ல தேட வேணாம், உங்க சித்தியோட குசினியிலயும் தேட வேணாம்.

அப்போ கடவுள் ஏன் தடுக்கலன்னு சித்தப்பா கேப்பார். மனுஷனுக்கு சுதந்திரம் குடுத்திருக்கார், அதனாலதான் தீமை நடக்குதுன்னு சொல்ற பதில் கொலைக்கும் யுத்தத்துக்கும் ஓரளவு பொருந்தும், மழைக்கும் மண்ணுக்கும் பொருந்தாது. மலையை உருவாக்குற அதே இயற்கை விதிதான் மலையை இறக்குதுன்னு சொல்றதும் உண்மை, ஆனா பிள்ளையைப் பறிகுடுத்தவர்கிட்ட அதைச் சொல்லி என்ன ஆகும். கிறிஸ்தவ இறையியல் இதுல கடைசியா போய் நிக்கிற இடம் சிலுவைதான்.

யூர்கன் மோல்ட்மன்னு ஒரு ஜெர்மன் இறையியலாளர், 2024லதான் காலமானார். 1943ல ஹாம்பர்க் நகரத்து மேல குண்டு போட்டப்போ அவருக்கு 17 வயசு, பக்கத்துல நிண்ட கூட்டாளி அந்த இடத்துலயே செத்துப்போறான், இவர் பிழைக்கிறார். பக்தியான குடும்பம் எல்லாம் இல்ல, அன்னைக்கு ராத்திரிதான் கடவுளே எங்க இருக்கீங்கன்னு முதல் முறையா கத்துறார். பிறகு யுத்தக் கைதியா ஸ்கொட்லாந்து முகாம்ல இருக்கும்போது யாரோ ஒரு பைபிளைக் குடுக்குறாங்க, அதுல "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்"னு இயேசு கத்துற இடத்தை வாசிச்சப்போதான் என்னை விளங்கிக்கிற ஒருத்தர் இவர்னு தோணிச்சுன்னு சொன்னார். மேல இருந்து அடிக்கிற கடவுளை அவர் அங்க பார்க்கல, கைவிடப்பட்டவங்களோட நிண்டு கத்துற கடவுளைப் பார்த்தார். உங்க சித்தப்பா எழும்பி வெளிய போனார் பாருங்க, இயேசு அவரோடயே வெளிய போயிருப்பார்னு நான் முழு மனசா நம்புறேன். சர்ச்சுக்கு வரச்சொல்லி அவசரப்படுத்தாதீங்க. சர்ச் அவர்கிட்ட போகட்டும், போகும்போது மன்னிப்பு கேட்டுக்கிட்டு போகட்டும்.

எங்க லயத்துல ரெண்டு காம்பராதான் வேதக்காரங்க, மத்ததெல்லாம் சைவ ஆளுங்க. திருவிழாவுக்கு பக்கத்து வீட்டு அக்கா பொங்கல் குடுத்துவிட்டா எங்க மாமியார் அதை பின்னால கொண்டுபோய் கொட்டுறாங்க. பிள்ளைகள் பார்த்துக்கிட்டு இருக்குதுகள். சாப்பிட்டா பாவமா?
(ஹட்டன் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி)

பாவம் இல்ல தங்கச்சி. கொட்டுறதுதான் எனக்கு கவலை. திருவிழா நாள் விடிய காலையில எழும்பி, சில்லுன்னு இருக்குற தண்ணியில குளிச்சு, கோயில் முன்னால கல்லு கூட்டி பொங்கி, சூடு ஆறுறதுக்குள்ள வாழையிலைத் துண்டுல வச்சு சின்னப் பிள்ளைகிட்ட குடுத்து, ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு போ, கீழ போட்டுறாதன்னு சொல்லி அனுப்புறாங்களே, உங்க இஸ்தோப்புக்கு வந்து நிக்கிறது அந்த அக்காவோட அன்பு.

கொரிந்து பட்டணத்து சபையிலயும் இதே சண்டைதான் நடந்துச்சு. சந்தையில வித்த இறைச்சியில நிறைய கோயில்ல படைச்சதாத்தான் இருந்துச்சு, அதை வாங்கித் திங்கலாமா கூடாதா, விக்கிரக வணக்கக்காரர் வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிட்டா போகலாமா? பவுல் 1 கொரிந்தியர் 10ல குடுக்குற பதில் ரொம்ப லேசானது, போங்க, முன்னால வச்சதை சாப்பிடுங்க, துருவித் துருவி கேள்வி கேக்காதீங்க. அவர் போடுற ஒரே நிபந்தனை, மனசாட்சி பலவீனமா இருக்குற ஒருத்தர் உங்களைப் பார்த்து இடறிப்போனா அவருக்காக விட்டுக்குடுங்கன்னு. உங்க மாமியார் அதே அதிகாரத்துல பேய்களோட பந்தின்னு வர்ற வசனத்தைக் காட்டுவாங்க. அங்க பவுல் சொல்றது கோயில் பூசையிலயே போய் பங்கெடுத்து அந்தப் பந்தியில உக்காருறதை, ஏழெட்டு வசனம் தள்ளி வீட்டு சாப்பாட்டைப் பத்திப் பேசும்போது அவரே சாப்பிடச் சொல்றார்.

மாமியாரோட சண்டை போடாதீங்க. அவங்களுக்கு மனசு ஒப்பலன்னா அவங்க சாப்பிட வேணாம், ரோமர் 14 அதுக்கும் இடம் குடுக்குது. ஆனா சாப்பிடுறவங்களை அவங்க குற்றவாளியாக்கக் கூடாதுன்னும் அதே அதிகாரம் சொல்லுது. குடுத்ததை முகம் மலர்ந்து வாங்குங்க, பிள்ளைகளுக்குக் குடுங்க, நத்தாருக்கு நீங்க கேக்கும் பலகாரமும் அந்தக் காம்பராவுக்கு அனுப்புங்க.

என் அம்மாயி கடைசி வரைக்கும் சைவம். ஞானஸ்நானம் எடுக்கல. என்னை வளர்த்ததே அவங்கதான். அவங்க நரகத்துலயா இருப்பாங்க? இதை நினைச்சா எனக்கு ராத்திரி நித்திரை இல்ல.
(மஸ்கெலியா)

இல்ல மகள், அப்பிடின்னு நான் நம்பல. அது என்னோட சொந்த ஆறுதல் மட்டும் இல்ல, சபையோட வரலாற்றுலயே அதுக்கு ஆதாரம் இருக்கு. ரெண்டாம் நூற்றாண்டுலயே ஜஸ்டின்னு ஒரு வேதசாட்சி, கிறிஸ்துவுக்கு முன்னால வாழ்ந்த சோக்கிரட்டீஸ் மாதிரி ஆளுங்களும் வார்த்தையானவரோட, அதாவது கிறிஸ்துவோட, வாழ்ந்தவங்கதான்னு எழுதிட்டார். ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1964ல தெளிவாவே சொல்லிச்சு, தன் பிழையில்லாம சுவிசேஷத்தை அறியாதவங்க, உண்மையான மனசோட கடவுளைத் தேடி மனசாட்சிப்படி வாழ முயற்சி செஞ்சா அவங்களுக்கும் மீட்பு உண்டுன்னு. அடுத்த வருஷம் மத்த மதங்கள்ல இருக்குற உண்மையையும் பரிசுத்தத்தையும் சபை தள்ளிவிடுறது இல்லன்னு இன்னொரு ஏடு வெளியிட்டாங்க. நான் கத்தோலிக்கம் இல்ல, இருந்தாலும் இதை நன்றியோட எடுத்துக்குறேன்.

யாழ்ப்பாணத்துல பிறந்த மெதடிஸ்ட் போதகர் டி. டி. நைல்ஸ் உலக சபைகள் எல்லாத்துக்கும் தெரிஞ்ச மனுஷர். அவர் 1935ல சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த்தை சந்திச்சதை பின்னால எழுதியிருக்கார். மத்த மதங்கள் எல்லாம் அவிசுவாசம்தான்னு பார்த் சொல்லியிருக்கார், நீங்க எத்தனை இந்துக்களை சந்திச்சிருக்கீங்கன்னு நைல்ஸ் கேட்டிருக்கார், ஒருத்தரையும் இல்லன்னு பதில். அப்போ எப்பிடி தெரியும்னு கேட்டதுக்கு, அது முன்கூட்டியே தெரிஞ்ச விஷயம்னாராம். நைல்ஸ் தலையை ஆட்டி சிரிச்சுக்கிட்டாராம். பார்த் மிகப் பெரிய இறையியலாளர், ஹிட்லருக்கு எதிரா நிண்ட மனுஷர், அவர்கிட்ட நான் நிறைய கத்துக்கிட்டிருக்கேன். ஆனா இந்த இடத்துல நான் நைல்ஸ் பக்கம்தான், ஏன்னா நமக்கு இந்துன்னா அம்மாயி, நம்ம நெத்தியில கை வச்சு காய்ச்சல் பார்த்தவங்க.

மத்தேயு 25ல வலது பக்கம் நிக்கிறவங்க ஆண்டவரே உங்களை நாங்க எப்ப பார்த்தோம்னு கேக்குறாங்க. அவரை அடையாளமே தெரியாம சோறு போட்டவங்க, தண்ணி குடுத்தவங்க. இயேசு அவங்களை வாங்கன்னு கூப்பிடுறார். அப்பிடின்னா எதுக்கு கிறிஸ்தவளா இருக்கணும்னு யாராவது கேட்டா, நரகத்துக்கு பயந்து நான் அவர்கிட்ட வரல, அவரைப் பிடிச்சிருக்கு, அதனால வந்தேன்னு சொல்லுங்க. இயேசு வழியாத்தான் மீட்புன்னு நானும் விசுவாசிக்கிறேன். அந்த இயேசுவோட கை அம்மாயி வரைக்கும் நீளாதுன்னு மட்டும் என்னால விசுவாசிக்க ஏலாது.

ஏ எல் பயோ படிக்கிறேன். பரிணாமம் படிச்சா விசுவாசம் போயிரும்னு சண்டே ஸ்கூல் அண்ணா சொல்றார். எதை விடணும்?
(பண்டாரவளை)

எதையும் விட வேணாம் தம்பி, நல்லா படிச்சு ஏ எடுங்க. ஆதியாகமம் 1ல சூரியன் வர்றது நாலாம் நாள், அப்போ முதல் மூணு நாளும் சாயங்காலமும் விடியற்காலமும் எப்பிடி வந்துச்சு? இதைக் கேட்டது டார்வின் இல்ல, மூணாம் நூற்றாண்டுல இருந்த ஓரிகன், சபையோட பெரிய வேத ஆசிரியர்கள்ல ஒருத்தர். முதலாம் அதிகாரத்துல செடிகொடி மூணாம் நாள், மனுஷன் ஆறாம் நாள். ரெண்டாம் அதிகாரத்துல செடி முளைக்கிறதுக்கு முன்னாலயே மனுஷன் வந்துடுறான். ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சவங்களுக்கு இது தெரியாம இல்ல, அவங்க பயோ பாடப்புத்தகம் எழுதல. ஐந்தாம் நூற்றாண்டுல அகஸ்தீன், இயற்கை விஷயங்கள்ல கிறிஸ்தவங்க வேதத்தைச் சாட்சிக்கு இழுத்து அறியாமையில பேசினா கேக்குறவங்க வேதத்தையே நம்பாம போவாங்கன்னு எச்சரிச்சார். பிரபஞ்சம் விரியுதுன்னு 1927லயே கணக்கு போட்டுக் காட்டின ஜோர்ஜ் லெமெத்தர் பெல்ஜியம் நாட்டு கத்தோலிக்க பாதர். மனுஷ உடம்போட தோற்றத்தை ஆராயலாம்னு பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1950ல சொன்னார், பரிணாமம் வெறும் ஊகத்தை விட மேலானதுன்னு 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1996ல சொன்னார்.

ஆதியாகமம் சொல்ல வந்த விஷயம் வேற. அந்தக் காலத்து பெரிய ராஜ்யங்கள்ல ராஜாவைத்தான் கடவுளோட சாயல்னு சொல்லுவாங்க. ஆதியாகமம் 1:27 மனுஷர் எல்லாருமே, ஆணும் பெண்ணும், கடவுளோட சாயல்னு சொல்லுது. நம்ம ஆளுங்களுக்கு சுவிசேஷம் சொல்லணும்னு 1854ல தொடங்கின மிஷனுக்கே தமிழ் கூலி மிஷன்னுதான் பேர் வச்சாங்க. அந்தக் கூலி கடவுளோட சாயல்னு அதே மிஷன்காரங்க கொண்டுவந்த பைபிள் முதல் பக்கத்துலயே சொல்லிச்சு. இதைத்தான் சண்டே ஸ்கூல்ல சொல்லிக் குடுக்கணும், ஆறு நாளா கோடிக்கணக்கான வருஷமாங்குற சண்டையை இல்ல.

நான் கொழுந்து எடுக்குறவ. வருமானத்துல பத்துல ஒரு பங்கு, தசமபாகம், குடுக்காட்டி சாபம், தேவனையே திருடுறேன்னு எங்க பாஸ்டர் மல்கியா புத்தகத்தை வாசிக்கிறார். மாசத்துல பாதி நாள் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழுது. கடன் வாங்கிக் குடுக்குறேன். பிழையா டீச்சர்?
(லிந்துலை பக்கம்)

அக்கா, கடன் வாங்கிக் குடுக்காதீங்க. இந்த மாசமே நிப்பாட்டுங்க.

மல்கியா 3:10ஐ வாசிக்கிறவங்க அதே அதிகாரத்துல அஞ்சு வசனம் மேல போய் 3:5ஐ வாசிக்கிறது இல்ல. அங்க தேவன் யாருக்கு எதிரா சாட்சியா வர்றேன்னு சொல்றார் தெரியுமா? சூனியக்காரர், விபசாரக்காரர், பொய்ச்சத்தியம் பண்றவங்க, அதோட கூலிக்காரரோட கூலியை அபகரிக்கிறவங்க. நீங்க கொழுந்து மடுவத்துல கூடையை இறக்கி வைக்கிறீங்க, தராசு ஒரு கணக்கு காட்டுது, தண்ணிக்கு கழிவு, சாக்குக்கு கழிவுன்னு கணக்கப்பிள்ளை பென்சிலால வேற கணக்கு எழுதுறார், கிலோ குறைஞ்சுது, அரைப்பேர். விடிஞ்சதுல இருந்து அட்டைக்கடியோட மலை ஏறின உழைப்புல பாதி அந்தக் கொப்பியில காணாம போச்சு. மல்கியா பேசுறது அந்தக் கொப்பியைப் பத்தி. யாக்கோபு 5:4ம் அதையேதான் சொல்லுது, உங்க வயலை அறுத்தவங்களுக்கு குடுக்காம பிடிச்சு வச்ச கூலி கத்துது, அந்தக் கத்தல் ஆண்டவரோட காதுல விழுந்திருச்சுன்னு. 1000 ரூபா நாள் சம்பளம் 2021ல வர்றதுக்கு நம்ம பொம்பளைங்க வருஷக்கணக்கா ரோட்டுல நிண்டு கத்தினாங்களே, அந்தக் கத்தலுக்கும் வேதத்துல இடம் இருக்கு. தேவனைத் திருடுறவங்க யார்னு தேடினா உங்க பேர் அந்தப் பட்டியல்ல வராது அக்கா, உங்ககிட்ட இருந்துதான் திருட்டுப் போயிருக்கு.

இன்னொண்ணு. பழைய ஏற்பாட்டுல தசமபாகம் கேட்டது காணியில விளைஞ்சதுலயும் மந்தையிலயும். காணி இல்லாத கூலியாள்கிட்ட அவனோட நாள் கூலியில பத்துல ஒண்ணு தான்னு மோசேயோட பிரமாணம் எங்கயும் கேக்கல. அவனுக்கு பொழுது இறங்குறதுக்குள்ள கூலியைக் குடுத்துருன்னு முதலாளிகிட்டதான் கேக்குது, உபாகமம் 24ல இருக்கு. அதே புத்தகம் 14ஆம் அதிகாரத்துல தசமபாகத்தை குடும்பமா உக்காந்து ஆண்டவர் முன்னால சந்தோஷமா சாப்பிடச் சொல்லுது, மூணாம் வருஷத்து தசமபாகத்தை லேவியனுக்கும் பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் வச்சுடச் சொல்லுது. அந்தப் பிரமாணப்படி பார்த்தா காணி பூமி இல்லாத நீங்க தசமபாகம் வாங்க வேண்டிய ஆள்.

ஏழை விதவையோட ரெண்டு காசு கதையையும் பாஸ்டர் சொல்லியிருப்பார். மாற்கு 12ல அதுக்கு முன்னால இருக்குற வசனங்களையும் வாசிங்க, விதவைகளோட வீடுகளை விழுங்கிட்டு நீளமா ஜெபம் பண்ற வேதபாரகரை இயேசு அப்பத்தான் கண்டிச்சு முடிச்சிருக்கார். உடனே ஒரு விதவை வந்து தன்னோட பிழைப்பு முழுசையும் பெட்டியில போடுறா. அவளோட மனசை அவர் மெச்சுறார், அதுல சந்தேகமில்ல, ஆனா அவளைக் கடைசிக் காசு வரைக்கும் போட வச்ச அமைப்பையும் பார்த்துக்கிட்டுத்தான் உக்காந்திருக்கார்னு நான் வாசிக்கிறேன்.

காணிக்கையே வேணாம்னு நான் சொல்லல. நம்ம பக்கத்து பாஸ்டர்மார் எத்தனையோ பேர் நம்மளை மாதிரியே கஷ்டப்படுறவங்க, மழையில நடந்து லயம் லயமா போய் ஜெபிக்கிறவங்க, அவங்களுக்கும் வீடு இருக்கு, பிள்ளைகள் இருக்கு. 2 கொரிந்தியர் 9:7 சொல்ற மாதிரி மனசுல நினைச்சதை சந்தோஷமா குடுங்க, அது 20 ரூபாயா இருந்தாலும் சரி, ஒரு கட்டு கீரையா இருந்தாலும் சரி. சாபத்துக்கு பயந்து மட்டும் குடுக்காதீங்க.

சீனி வருத்தத்துக்கு குளிசை போடுறது அவிசுவாசம்னு ஒரு கூட்டத்துல சொன்னாங்க. அம்மா குளிசையை நிப்பாட்டிட்டாங்க.
(இராகலை)

இதை வாசிச்ச உடனே அம்மாவைக் கூட்டிக்கிட்டு கிளினிக் போங்க, மத்ததை பிறகு கதைப்போம். பவுல் தீமோத்தேயுவோட வயித்து வருத்தத்துக்கு மருந்தா கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். துரோப்பீமுவை வருத்தத்தோடயே மிலேத்துல விட்டுட்டு வந்தேன்னு எழுதினார், அவனுக்கு விசுவாசம் பத்தலன்னு எழுதல. தன்னோட உடம்புல இருந்த முள்ளுக்காக அவரே மூணு தரம் ஜெபிச்சும் அது போகல. அவர்கூட நடந்த லூக்கா ஒரு வைத்தியர். ஜெபமும் பண்ணுங்க, குளிசையும் போடுங்க. அம்மாவுக்கு ஏதும் ஆனா குளிசையை நிப்பாட்டச் சொன்னவர் அப்பவும் உங்க அம்மாவோட விசுவாசத்தைத்தான் குறை சொல்லுவார், அதுக்கு இடம் குடுக்காதீங்க.

கொழும்புல வேலை செய்றேன். கொஞ்ச காலமா ஜெபம் வருதில்ல, கடவுள் இருக்காரான்னே தெரியல. லீவுக்கு வீட்டுக்கு வந்தா அம்மாவுக்காக சர்ச்சுக்கு போறேன், உள்ளுக்குள்ள நடிக்கிற மாதிரி இருக்கு. அம்மாகிட்ட சொல்லணுமா?
(தலவாக்கலை)

நீங்க நடிக்கல. அம்மாவை நேசிக்கிறீங்க, அதனால போறீங்க, அதுல பொய் எதுவும் இல்ல. நான் பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில படிச்ச காலத்துல, ஊழியத்துக்குன்னே வந்த பிள்ளைகள் எத்தனை பேர் ராத்திரியில இதே கேள்வியோட உக்காந்திருந்தாங்க தெரியுமா. அன்னை திரேசா செத்ததுக்கு பிறகு 2007ல வெளிவந்த அவங்க கடிதங்கள்ல, பல பத்து வருஷமா கடவுளோட பிரசன்னமே உணர முடியாம இருட்டுல இருந்ததா எழுதியிருக்காங்க, அப்பிடி இருந்துக்கிட்டேதான் கல்கத்தாவுல நோயாளிகளைத் தூக்கினாங்க. 88ஆம் சங்கீதம் ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் ஒரே இருட்டு, கடைசி வரியில கூட வெளிச்சம் வரல, அதையும் பரிசுத்த வேதம்னுதான் வச்சிருக்கோம். சொந்த வார்த்தையில ஜெபம் வராட்டி அந்த சங்கீதத்தை வாசிங்க, அது போதும். மாற்கு 9ல தன் மகனுக்காக வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு ஒரே மூச்சுல ரெண்டையும் சொல்றான். நீ முதல்ல அவிசுவாசத்தை விட்டுட்டு வான்னு இயேசு அவனைத் திருப்பி அனுப்பல, பிள்ளையைக் கையைப் பிடிச்சு தூக்கி விட்டார்.

கொழும்புல தனியா ரூம்ல கிடந்து இதையே யோசிக்காதீங்க, மனசு விட்டு கதைக்கக்கூடிய ஒருத்தரையாவது தேடிக்குங்க. நல்ல புத்தகம் வாசிங்க, கேள்வி கேட்டா கோவப்படாத ஒரு பாதரோ பாஸ்டரோ கிடைச்சா போய் பாருங்க, கோவப்படுறவர்னா இன்னொருத்தரைப் பாருங்க.

அம்மாகிட்ட சொல்லுங்க, ஆனா கடவுளே இல்லைங்குற முடிவா சொல்லாதீங்க, ஏன்னா நீங்களே இன்னும் அந்த முடிவுக்கு வரல. இப்ப ஜெபிக்க ஏலாம இருக்கும்மா, நீங்க எனக்காக ஜெபிங்கன்னு சொல்லுங்க. உண்மையும் அதுதானே. கொழுந்து எடுத்து உங்களைப் படிக்க வச்ச மனுஷிக்கு அதைத் தாங்குற பலம் இருக்கும். அப்பிடியும் பயந்துட்டாங்கன்னா மத்தேயு 28:17ஐ எடுத்து வாசிச்சுக் காட்டுங்க. உயிர்த்தெழுந்த இயேசுவை நேர்ல பார்த்த பிறகும் சிலர் சந்தேகப்பட்டாங்கன்னு அங்க எழுதியிருக்கு. ரெண்டு வசனம் தள்ளி, உலகம் முழுக்க போங்கன்னு அவர் அனுப்பின கூட்டத்துல அந்த சந்தேகப்பட்டவங்களும் இருந்தாங்க, அவங்களை அவர் தனியா பிரிச்சு வைக்கல.